இந்த ஆராய்ச்சியெல்லாம் யாருக்கு? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியில் வேதியியல் நடத்துகிற என்னிடம் ஊர்க்காரர்கள் வேதியியல் கேட்பதே இல்லை. கல்யாணப் பந்தியிலும் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலைச் சேர்த்திருக்கிறேன். "இங்கே" என்று நான் சொல்வதெல்லாம் பழைய வட ஆற்காடு. இன்றைய கணக்கில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நாலு மாவட்டமும் அதில் அடக்கம்.

ஆராய்ச்சி ஆராய்ச்சின்றாங்களே, அப்படி இன்னாதான் சார் பண்றாங்க?

யாருக்கும் பதில் தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வார்கள். வேறொருவர் வந்து சரிபார்த்தால் அதே விடை வரவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு தேடுவார்கள். அவ்வளவுதான். வகுப்பில் நாங்கள் நடத்துவது தெரிந்த விஷயம். ஆராய்ச்சி தெரியாததோடு மல்லுக்கட்டுவது.

வெள்ளைக் கோட்டும் மைக்ராஸ்கோப்பும் அதில் ஒரு பகுதி மட்டுமே. வீடு வீடாகப் போய்க் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டு எழுதுவதும், கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் அளப்பதும், பாறையில் இருக்கிற பல்லவர் கல்வெட்டைப் படிப்பதும் ஆராய்ச்சிதான்.

உலகப் பிரச்சினைக்கும் வேலூருக்கும் இன்னா சம்பந்தம்? அதெல்லாம் ஐ.நா. சபை பாத்துக்காதா?

ஐ.நா. 2015இல் 17 இலக்குகளை வகுத்து 2030 வரை கெடு வைத்தது. பசி, நோய், குடிநீர், தட்பவெப்பம் எல்லாம் அதில் உண்டு. கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறது என்றால் கல்லூரிச் சுவரில் அவசரமாக வரைவார்களே, அந்த வண்ணக் கட்டங்கள்தான் அவை. ஆனால் ஐ.நா. வகுப்பது இலக்கு மட்டுமே. ஆம்பூர்க் கிணற்றில் என்ன கலந்திருக்கிறது என்று யாராவது இங்கே இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

உலகப் பிரச்சினை என்பது எங்கோ ஆகாயத்தில் நடப்பது இல்லை. 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் இந்தியாவுக்குள் எச்ஐவி வந்துவிட்டது என்பதே முதலில் தெரிந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது வெள்ளம் வருவதைத் தவிர, பாலாற்றுக் கணக்கு மட்டும் இன்னும் பாக்கி.

வைத்தியத்த டாக்டர் பாக்கட்டும், பாலத்த இன்ஜினியர் கட்டட்டும். எல்லாரும் ஒண்ணா சேரணும்னு ஏன் சொல்றீங்க?

ஏனென்றால் பிரச்சினை வரும்போது துறை வாரியாகப் பிரிந்து வருவதில்லை. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் தொழுநோய். 1946 கடைசியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் சிஎம்சிக்கு வந்து சேர்ந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் விரல்கள் மடங்கிப்போன ஒருவரோடு கை குலுக்கினார். பிடி வலுவாக இருந்தது, வலித்தது. அப்படியானால் கையில் எல்லாத் தசையும் சாகவில்லை என்று புரிந்தது. நல்ல தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றிக் கட்டினால் என்ன? 1948இல் அந்த அறுவையைச் செய்யத் தொடங்கினார்கள். மடங்கிய விரல் நிமிர்ந்தது.

ஆனால் நிமிர்ந்த விரல்கள் மறுபடி புண்ணாகிக் குறைந்துகொண்டே வந்தன. நோய்தான் சதையைத் தின்கிறது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கூடவே இருந்து கவனித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது, மீதியைச் சுடுகிற டம்ளரும் துருப்பிடித்த பூட்டும் செருப்பில் ஏறிய ஆணியும் செய்கின்றன. தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரியாது. அதனால் வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு மருத்துவர் மட்டும் போதவில்லை. காலின் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று கணக்கிட வேண்டும், அதைத் தாங்கும் மெத்தென்ற ரப்பர் வேண்டும், அதை அந்தக் காலுக்கு ஏற்றபடி தைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். வேலூருக்குப் பக்கத்தில் 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்தில் அறுவை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் செருப்புத் தைப்பவரும் ஒரே நோயாளியின் காலைப் பார்த்தார்கள். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கை அறுவைகளைச் செய்தார். இன்று சர்க்கரை நோயாளிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற எம்சிஆர் என்ற மெத்து ரப்பர் செருப்பு இருக்கிறதே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. தொழுநோய்க்குக் கண்டுபிடித்தது, உணர்ச்சி போன எல்லாக் காலுக்கும் பயன்படுகிறது.

அது பழைய கதை. இப்போ எங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் ஆயிருக்கா?

உங்கள் பேரப்பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து என்று இருக்கும். 6, 10, 14 வாரங்களில் கொடுப்பது. இந்த வைரஸால் வரும் வயிற்றுப்போக்கு, தடுப்பு மருந்து வருவதற்கு முன்னால், நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 78,000 குழந்தைகளைக் கொன்றதாக ஒரு மதிப்பீடு.

2000த்தின் தொடக்க ஆண்டுகளில் சிஎம்சியில் ககன்தீப் காங் குழுவினர் வேலூரின் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கே போனார்கள். மூன்று ஆண்டும் முழுதாக நின்ற குழந்தைகள் 373. மெக்சிகோவில் நடந்த இதே மாதிரி ஆய்வில், இரண்டு முறை இந்தத் தொற்று வந்த குழந்தைக்கு அதற்குப் பிறகு கடுமையான நோய் வரவில்லை. வேலூரில் மூன்று முறை வந்தபிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இங்கே கிருமி அதிகம், சீக்கிரமே வந்துவிடுகிறது. வேறு நாட்டில் சரிப்பட்ட கணக்கை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது என்பது இந்த வீடு வீடான அலைச்சலில்தான் தெரிந்தது.

பிறகு, டெல்லி எய்ம்ஸில் 1980களில் பிரித்தெடுத்த ஓர் இந்திய ரோட்டா வைரஸ் வகையிலிருந்து மருந்து தயாரானது. டெல்லி, புணே, வேலூர் மூன்று இடத்திலும் 6,799 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. முதல் வயதில் கடுமையான ரோட்டா நோயை ஏறக்குறைய 56 சதவீதம் தடுத்தது. பாதிதானே என்று கேட்பார்கள். 78,000இல் பாதி எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். 2014இல் உரிமம், 2016இல் அரசுத் திட்டம். வைரஸ் படித்தவர், குழந்தை மருத்துவர், புள்ளியியலாளர், விலையைக் கணக்குப் போட்ட பொருளாதாரக்காரர், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த நர்ஸ் இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தச் சொட்டு உங்கள் பேரன் வாய்க்கு வந்திருக்காது.

எங்க புள்ளைங்கள எலி மாதிரி வெச்சி டெஸ்ட் பண்றாங்கன்னு சொல்றாங்களே, நெஜமா?

சோதனை நடப்பது நிஜம். மனிதரிடம் சோதிக்காத மருந்தை மனிதருக்குக் கொடுக்கவே கூடாது. கேட்க வேண்டியது எப்படி நடக்கிறது என்பதுதான். 2019 விதிகளின்படி ஒவ்வொரு மருந்துச் சோதனைக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதில் குறைந்தது ஏழு பேர். பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், மருத்துவமே தெரியாத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

உங்களிடம் கையெழுத்து கேட்டால் தமிழில் எழுதிய தாளைக் கேளுங்கள். அதில் ஒரு பிரதி உங்களுக்குச் சொந்தம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. சோதனையால் கெடுதல் வந்தால் வைத்தியமும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு. "சும்மா ஒரு கையெழுத்துதான்மா" என்று அவசரப்படுத்தினால் போடாதீர்கள். அவசரப்படுத்துவதே விதிமீறல் என்பது என் கட்சி.

வெளிநாட்டுக்காரன் எதுக்கு நம்ம ஊருக்கு காசு குடுக்கறான்? ரத்தத்த எடுத்துனு போயி வித்துடறாங்களாமே?

மெக்சிகோ, வேலூர் வித்தியாசத்தை மேலே சொன்னேன். அந்த வித்தியாசம்தான் காரணம். குழந்தைகளின் சத்துக்குறைவையும் வயிற்றுத் தொற்றையும் பற்றி எட்டு நாடுகளில் ஒரே முறையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பிரேசில், பெரு, தென்னாப்பிரிக்கா, தான்சானியா, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், இந்தியாவில் வேலூர். பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. ஒரே ஊரில் பார்த்தால் அது அந்த ஊர்க் கதை. எட்டு ஊரில் ஒப்பிட்டால்தான் பொதுவானது எது, ஊருக்கு ஊர் மாறுவது எது என்று பிரியும்.

வெளிநாட்டுக் கூட்டு மருத்துவ ஆய்வுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் குழு அனுமதி தர வேண்டும். யாரும் பையில் ரத்தத்தைப் போட்டுக்கொண்டு விமானம் ஏற முடியாது. ஆனாலும் தரவு யாருடையது, கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு, மருந்து வந்தால் நமக்கு என்ன விலை என்று கேட்பது நியாயமான கேள்வி. கேளுங்கள்.

வரலாறு, பொருளாதாரம்லாம் படிச்சவங்க இதுல இன்னா கிழிக்கப் போறாங்க?

நிறைய. ஐஆர் எட்டு மாதிரி புது நெல் வந்த காலத்தில், 1973-74இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மதராஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஆய்வு செய்தன. விதையை மட்டும் கொடுத்தால் பசுமைப் புரட்சி நடக்காது, கிணறும் மோட்டாரும் கடனும் யாரிடம் இருக்கிறது என்பதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். 1980களில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் வாஷிங்டனில் உள்ள உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் திரும்ப வந்து பார்த்தன. சிறு விவசாயி கொஞ்சம் தாமதமாக வந்தாலும் புது நெல்லுக்கு மாறியிருந்தார். நிலமில்லாத கூலிக்காரர் வருமானமும் ஏறியிருந்தது. பணக்காரருக்கு மட்டும்தான் லாபம் என்ற பயம் அந்த அளவுக்குப் பலிக்கவில்லை. இதை எந்த நெல் விஞ்ஞானியும் தனியாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. குடும்பத்தோடு உட்கார்ந்து வரவு செலவு கேட்டவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

வரலாற்றுக்கு மகேந்திரவாடி போங்கள். மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயிலின் கல்வெட்டு, அது மகேந்திர தடாகத்தின் கரையில் இருப்பதாகச் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டு ஏரி. எந்த ஏரியின் கலிங்கு வழியும் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது, மதகு எங்கே இருந்தது, தூர் வாரும் செலவு யாருடையது என்றெல்லாம் இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளிலும் பழைய வருவாய்ப் பதிவுகளிலும் கிடக்கிறது. வரத்துக்கால்வாய் மேலே பிளாட் போட்டபிறகு, இங்கே கால்வாய் இருந்தது என்று நிரூபிக்க இன்ஜினியருக்கு அந்தக் காகிதம்தான் வேண்டும்.

இவ்ளோ படிச்சவங்க இருந்தும் பாலாறு ஏன் சார் இப்படி கீது?

இதுதான் கஷ்டமான கேள்வி. தெரியாமல் கெட்டதில்லை பாலாறு. வேலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் எடுத்த முதற்கட்ட ஆய்வு, தோல் பதனிடும் டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாகச் சொன்னது. அந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்; கெடுதல் இல்லை என்று நிரூபிப்பது தொழிற்சாலையின் பொறுப்பு. இந்தியாவில் எந்த ஊரில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் நம் ஊர் பெயரில் இருக்கிற இந்த வழக்கைப் படிக்காமல் பாஸ் ஆக முடியாது.

மண் ஆய்வாளரின் எண் வக்கீலின் கைக்குப் போய்ச் சட்டமாக மாறியது. அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு வேலை பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கலெக்டர் ஆபீஸ், முதலாளி, அரசியல் என்று போய்விட்டது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்கு மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். டேனரியை மூடு என்று சொல்வதும் சுலபமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

டேனரி தண்ணில குரோமியத்த எடுத்துட்டா போதுமில்ல?

போதாது. வேதியியல்காரனான எனக்கு இந்தக் கேள்வி வந்தால் கொஞ்சம் நேரமாகும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சாதா உப்பைத் தடவித்தான் அனுப்புவார்கள். டேனரியில் முதல் வேலை அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது. தோலைப் பதனிடும் குரோமியம் டிரம்முக்குள் வருவதற்கு முன்பே உப்பு வெளியே போய்விட்டது. தென்னையைக் காயவைத்ததிலும் கிணற்றைக் கரிக்கவைத்ததிலும் பெரும் பங்கு இந்த உப்புக்குத்தான். சோடியம் சேர்ந்தால் களிமண் குழைந்து மேல்மண் இறுகிவிடும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. போட்டுத் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். கடைசியில் மிஞ்சுவது பல உப்புகள் கலந்த ஒரு குவியல். அதை யாரும் வாங்குவதில்லை, வெட்டவெளியில் போட்டால் மழைக்குக் கரைந்து மறுபடி மண்ணுக்குள் போகும். அதனால்தான் உப்பைக் குறைத்துத் தோலைப் பாதுகாப்பது எப்படி, தண்ணீரே சேர்க்காமல் குரோம் பதனிடுவது எப்படி என்றெல்லாம் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வேலை செய்கிறது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு தனிக் கதை. டேனரியில் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் குரோமியம். அந்தக் குவியலில் இருப்பது புற்றுநோய் தரும் ஆறு இணைதிறன் வகை. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் ஆகாது.

காவலூர்ல நட்சத்திரம் பாக்கறதால யாருக்கு சோறு?

யாருக்கும் உடனே இல்லை. 1977இல் யுரேனஸ் கோளுக்கு வளையம் உண்டு என்று தெரிந்த அந்த இரவில், ஜவ்வாது மலைக் காவலூரில் இருந்த தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்தது. எனக்கு அது போதும்.

புரொபசருங்க பேப்பர் மேல பேப்பர் போடறாங்களே, அத்தனையும் உண்மையா?

இல்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் உண்டு; எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுத்த வினை அது. முனைவர் பட்டத்துக்கு முன்பு கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் எடுத்துவிட்டது. முதல் கேள்விக்கான பதிலில் சொன்னதுதான் அளவுகோல்: தரவையும் செய்முறையையும் மற்றவர் சரிபார்க்கும்படி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

என் பொண்ணு எம்எஸ்சி முடிச்சிட்டா. பிஎச்டி போறன்றா. வயசு ஆயிடாதா சார்?

குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு சலுகை, பிரசவ விடுப்பு 240 நாள் வரை உண்டு. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. அது இல்லாமல் சேர்ந்தால் கை கடிக்கும், மழுப்பாமல் சொல்கிறேன்.

அம்மா, ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். சேர்வதற்கு முன்னால் அந்த வழிகாட்டியிடம் இப்போது படிக்கிற இரண்டு பெண்களிடம் தனியாகப் பேசட்டும். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அது முக்கியம். வயதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசுவதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இதெல்லாம் நாங்க படிக்க முடியுமா?

முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் இலவசம். "பாலாறு" என்று ஆங்கில எழுத்தில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இங்கிலீஷ்தான். தமிழில் இரண்டு பக்கச் சுருக்கமாவது ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி போடலாம், யாரும் போடவில்லை. வீட்டில் படிக்கிற பிள்ளையை உட்காரவைத்து முடிவுரையை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

எங்க ஊர் கிணத்துத் தண்ணி உப்பு கரிக்குது. எந்த காலேஜ்ல போயி கேக்கறது?

காலேஜுக்கு முன்னால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் போங்கள். கட்டணம் கட்டினால் சோதித்துத் தாளில் தருவார்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை மூன்று தடவை அலசி, நிரம்பப் பிடித்து, ஊர், கிணறு, தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். பழைய எண்ணெய் கேன், ஜூஸ் பாட்டில் வேண்டாம். கிருமி பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் தரும் சுத்தமான பாட்டில்தான். முடிவில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி. பயிருக்கு எது தாங்கும் என்று கேட்க விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

ஒரு கிணறு என்றால் இதோடு முடிந்தது. ஊர் முழுக்க இப்படி என்றால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறைக்கு வாருங்கள். எம்எஸ்சி கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிற பிள்ளைகள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. டிசம்பருக்குள் வந்தால் நல்லது, அதற்குப் பிறகு தலைப்பு கொடுத்துவிடுவோம். மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு தடவை மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். முடிவின் ஒரு பிரதியைப் பஞ்சாயத்து ஆபீஸில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவையுங்கள்.